மண்ணில் பாதரசம்: எந்த வடிவில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் ஒரு சோதனைக்கூடத்தில் மண்ணையும் தண்ணீரையும் சோதிப்பது என் வேலை. நிலம் வாங்கப் போகிறவர்கள், குத்தகையாளர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், கல்யாண வீட்டில் பிடித்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்சாப்பில் தனித்தனியாக எழுதி முடியவில்லை. அதனால் இந்தத் தொகுப்பு. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மண்ணின் அளவுகள் எல்லாம் ஒரு கிலோ உலர்ந்த மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

ரிப்போர்ட்ல "மொத்தப் பாதரசம் 14"னு போட்டிருக்கு. இது அதிகமா, கம்மியா?

சாதாரண மண்ணில் பெரும்பாலும் 0.1-க்கும் கீழேதான் இருக்கும். ஆகவே 14 என்றால் யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், அல்லது அடியில் தாது இருக்கிறது. அதுவரை சொல்லலாம். ஆபத்தா இல்லையா என்பதை இந்த ஒற்றை எண் சொல்லாது.

காரணம் இதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருக்கும் முதல்கட்ட வடிகட்டல் அளவு பாதரசத்தின் வடிவத்தைப் பொறுத்து மாறுகிறது. உலோகப் பாதரசத்துக்குச் சுமார் 11, குளோரைடு போன்ற உப்புகளுக்குச் சுமார் 23, மெத்தில் மெர்குரிக்குச் சுமார் 8. உங்கள் 14 உலோகமாக இருந்தால் கோட்டைத் தாண்டிவிட்டது. உப்பாக இருந்தால் தாண்டவில்லை. நம் சுற்றுச்சூழல் துறை 2009-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட மாசடைந்த நில வழிகாட்டியும் இதே வடிகட்டல் முறையில்தான் போகிறது. கோட்டைத் தாண்டினால் "இன்னும் தோண்டிப் பார்" என்று அர்த்தம். "உடனே மண்ணை அள்ளி லோரியில் ஏற்று" என்று அர்த்தம் இல்லை.

அப்போ பாதரசத்துக்கு எத்தனை வடிவம் இருக்கு?

ஆராய்ச்சியாளர்கள் நிறைய பிரிப்பார்கள். வேலைக்கு ஐந்து போதும். ஒன்று, திரவ உலோகம்: அறை வெப்பத்திலேயே ஆவியாகி மூச்சில் போவது. இரண்டு, தண்ணீரிலோ லேசான அமிலத்திலோ கரையும் உப்புகள்: குளோரைடு, சல்ஃபேட், ஆக்சைடு. மூன்று, மக்கிய இலைதழைப் பொருளில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பாதரசம். பழைய மாசு மண்ணில் இது கணிசமாக இருக்கும். நான்கு, சல்ஃபைடு: சிவப்பாக இருந்தால் சாதிலிங்கம், கறுப்பாக இருந்தால் மெட்டாசின்னபார். இரண்டும் மிக மிகக் குறைவாகத்தான் கரையும். ஐந்து, மெத்தில் மெர்குரி: அளவில் கொஞ்சம், விஷத்தில் முதலிடம், மீன் வழியாக நம் தட்டுக்கு வருவது.

எங்க வீட்டுப் பின்னாடி மண்ணு நல்லா சிவப்பா இருக்கு. சாதிலிங்கமா இருக்குமோ?

இல்லை. அது இரும்பு. மண்ணையே சிவக்க வைக்கும் அளவுக்குச் சாதிலிங்கம் இருந்தால் உங்கள் வீட்டுப் பின்னால் சுரங்கமே வைத்திருப்பார்கள். ஆனால் இரும்பு ஆக்சைடுகள் பாதரசத்தைப் பிடித்து வைக்கக்கூடியவை. அதனால் பழைய செம்மண்ணில் மணல் மண்ணைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு.

நம்ம நாட்டுல இருந்தது ஈயச் சுரங்கம்தானே? அதுக்கும் பாதரசத்துக்கும் என்ன சம்பந்தம்?

பெரிதாக ஒன்றும் இல்லை. நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயத்தை. 1857-இல் அம்பாங் பக்கம் அதைத் தேடிப் போனவர்களால்தான் கோலாலம்பூரே உருவானது. ஆனால் வெள்ளீயத் தாது கனமானது. தண்ணீரில் அலசியே பிரித்துவிடலாம், பாதரசம் தேவைப்படாது. பழைய ஈயக் குட்டை நிலமென்றால் நான் முதலில் ஆர்செனிக்கையும், "அமாங்" என்று சொல்லும் கழிவு மணலின் கதிரியக்கத்தையும் பார்ப்பேன்.

தங்கம்தான் பாதரசத்தின் பழைய கூட்டாளி. தங்கத் துகளைப் பாதரசத்தில் கரைத்து, பிறகு சூடாக்கி ஆவியாக்கிவிடுவது பழைய முறை. பகாங்கில் ரவூப், சரவாக்கில் பாவ் ஆகியவை தங்க ஊர்கள். சரவாக்கின் தெகோராவில் 19-ஆம் நூற்றாண்டில் போர்னியோ கம்பெனி சாதிலிங்கத்தையே வெட்டி எடுத்தது. மற்றதெல்லாம் தொழிற்சாலை வழி: தெர்மாமீட்டர், குழல் விளக்கு, மின் சுவிட்சு, பாதரசக் கலத்தில் காஸ்டிக் சோடா தயாரிப்பு, இயற்கை எரிவாயு ஆலைகளின் கசடு. பினாங்கில் பாயான் லெப்பாஸ் வட்டாரம் 1972-இலிருந்து தொழிற்பேட்டையாக இருக்கிறது, பிறையிலும் பழைய பட்டறை நிலங்கள் கைமாறுகின்றன. அதற்காக எல்லா இடத்திலும் பாதரசம் இருக்கும் என்று பயப்பட வேண்டாம். அங்கே என்ன செய்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

தெர்மாமீட்டர் உடைஞ்சு வாசல் மண்ணுல கொட்டிடுச்சு. சோதனை பண்ணணுமா?

வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிராம் அல்லது அதற்கும் குறைவாகத்தான் இருக்கும். உருண்டை விழுந்த மண்ணைக் கரண்டியால் அள்ளி, மூடி இறுகும் கண்ணாடிச் சாடியில் போட்டு வையுங்கள். வீட்டுக்குள் உடைந்தால்தான் கூடுதல் கவனம்: சன்னலைத் திறங்கள், துடைப்பமும் வேக்குவமும் வேண்டாம், அவை உருண்டையைப் பொடியாக்கி ஆவியைப் பரப்பிவிடும். நிறுவனங்களுக்குக் கதை வேறு. பாதரசக் கழிவு 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அட்டவணைக் கழிவு, எண் எஸ்.டபிள்யூ 109. குப்பைத் தொட்டியில் போட முடியாது.

எந்த இடத்துல எந்த வடிவம் இருக்கும்னு முன்கூட்டியே ஊகிக்க முடியுமா?

ஓரளவு முடியும், ஊகித்தே ஆகவும் வேண்டும். ஸ்பெயினின் அல்மாதேன், ஸ்லோவேனியாவின் இத்ரியா போன்ற பாதரசச் சுரங்கங்களில் சுடாத தாதில் சாதிலிங்கம் இருக்கும். சூளையில் சுட்டு எறிந்த கழிவிலோ கறுப்புச் சல்ஃபைடு இருக்கும். கூடவே சுடும்போது உண்டான குளோரைடும் சல்ஃபேட்டும் இருக்கும், அவை மழையில் கரையும். ஒரே குன்றின் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். தங்கம் எடுத்த இடத்தில் உலோக உருண்டை. காஸ்டிக் சோடா ஆலையில் கல அறையின் தளத்துக்கு அடியில் உலோகம், சுற்றிலும் உப்புகள். 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் உடைந்த கண்ணாடியோடு ஒட்டிய உலோகம். ஜப்பானின் மினமாத்தாவில் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கப் பாதரச சல்ஃபேட்டை வினையூக்கியாகப் போட்டார்கள்; மெத்தில் மெர்குரி ஆலைக்குள்ளேயே உண்டாகி, 1968 வரை கழிவுநீரோடு வெளியே வந்தது.

ஆனால் போட்ட வடிவம் போட்டபடியே இருக்காது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1950-களில் லித்தியம் ஐசோடோப்புகளைப் பிரிக்க ஏராளமான உலோகப் பாதரசத்தைப் பயன்படுத்தினார்கள். நிறைய ஓடையில் கலந்தது. பல பத்தாண்டு கழித்து ஓடைக்கரை மண்ணைப் பார்த்தால் பெரும்பகுதி கறுப்புச் சல்ஃபைடாக மாறியிருந்தது. வெள்ளம் வந்து நிற்கும் மண்ணில் காற்று குறைந்து, சல்ஃபைடு உண்டாகி, பாதரசத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே ஆலையின் வரலாறு பாதி விடை. மீதியை மண்தான் சொல்லும்.

ஒரே சாடி மண்ணுக்கு ஒரு தடவை 4, இன்னொரு தடவை 70ன்னு வருது. உங்க மெஷின் சரியில்லையா?

இந்தக் கேள்வி கோபமாகத்தான் வரும். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. நேரடியாகச் சுட்டு அளக்கும் கருவியில் ஒரு தடவைக்குச் சுமார் 0.1 கிராம் மண்தான் வைக்கிறோம், ஒரு சிட்டிகை. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு பாதரச உருண்டை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு, ஏறக்குறைய 7 மைக்ரோகிராம் எடை. அது அந்தச் சிட்டிகைக்குள் விழுந்தால் முடிவு 70 கூடிவிடும். விழாவிட்டால் 4.

திரும்பத் திரும்ப அளக்கும்போது எண் இப்படிக் குதிப்பதே ஒரு துப்பு: உள்ளே உலோக உருண்டை இருக்க வாய்ப்பு அதிகம். உப்பும், மக்குப் பொருளோடு சேர்ந்த பாதரசமும் மண்ணில் பரவலாக இருக்கும், இவ்வளவு குதிக்காது. சராசரியை மட்டும் எழுதி அனுப்பும் அறிக்கை இந்தத் துப்பை அழித்துவிடுகிறது. ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மாதிரி எடுக்க மினரல் வாட்டர் போத்தல் போதுமா?

போதாது. பாதரச ஆவி மெல்லிய பிளாஸ்டிக்கைக் கடந்துவிடும். டெஃப்லான் உள்மூடி வைத்த கண்ணாடிச் சாடியை விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். மத்தியானம் பூராவும் கார் பூட்டில் வெந்த மண்ணைக் கொடுத்துவிட்டு உலோகப் பாதரசம் எவ்வளவு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. வெயிலில் காய வைப்பதும், 105 டிகிரி அடுப்பில் உலர்த்துவதும் அதே தப்பு. ஈரப்பதத்தை வேறொரு பகுதி மண்ணில் அளந்து கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

சதுப்பு நிலச் சேறு என்றால் இன்னும் கவனம். காற்றுப் பட்டால் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். சாடியில் வெற்றிடம் விடாமல் மூடி, உடனே உறைய வையுங்கள்.

வடிவத்தைக் கண்டுபிடிக்க அப்படி என்னதான் செய்வீங்க?

மூன்று வழி: கரைத்துப் பார்ப்பது, சுட்டுப் பார்ப்பது, எக்ஸ்-கதிரால் பார்ப்பது. அதிகம் கேட்கப்படுவது முதலாவது. 2003-இல் வெளியான ஐந்து படி முறை பலருக்கும் அடிப்படை. அதே மண்ணை முதலில் தண்ணீரில் குலுக்குகிறோம். கரையும் உப்பு வரும். அடுத்து வயிற்று அமிலம் போல பிஎச் 2 அளவில் ஹைட்ரோகுளோரிக்கும் அசிட்டிக்கும் கலந்த கரைசல். லேசான அமிலத்தில் விடுபடுவது வரும். மூன்றாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மக்குப் பொருளைக் கரைத்து, அதில் ஒட்டியதைக் கொண்டுவரும், கரைசல் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். நான்காவது அடர் நைட்ரிக் அமிலம்; உலோகம் வரும். கடைசியாக இராஜ திராவகம், அதாவது நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் கலந்த அடர் அமிலம். நைட்ரிக்குக்கு மசியாத சல்ஃபைடு அதில்தான் கரையும்.

ஒவ்வொரு படியும் ஏறக்குறைய ஓர் இரவு குலுங்க வேண்டும், பிறகு சுழற்றி வடிக்க வேண்டும். அதனால்தான் "நாளைக்கே ரிப்போர்ட் வேணும்" என்றால் முடியாது என்கிறேன்.

அந்த அஞ்சு படியையும் நம்பலாமா?

கரைசலை நம்பலாம், அதன் மேல் ஒட்டும் பெயரை அப்படியே நம்பக்கூடாது. நான்காவது படியில் வந்ததெல்லாம் உலோகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். மக்குப் பொருளோடு இறுக்கமாகப் பிணைந்தது சில சமயம் மூன்றாவது படியில் வராமல் நான்காவதில் வரும். உலோகத்தில் கொஞ்சம் முன்னாலேயே கசியும். மிக நுண்ணிய சல்ஃபைடு துகள் கடைசிவரை காத்திருக்காது. நல்ல அறிக்கை "நைட்ரிக் அமிலத்தில் பிரிந்தது, பெரும்பாலும் உலோகம் எனக் கருதப்படுகிறது" என்று எழுதும். இன்னொன்று: ஐந்து படிகளின் கூட்டுத்தொகை, தனியாக அளந்த மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதிதான் வருகிறதென்றால் மீதி ஆவியாகிப் போயிருக்கலாம், அல்லது மேலே சொன்ன உருண்டைச் சிக்கலாக இருக்கலாம்.

சுட்டுப் பார்க்கிறதுன்னா எப்படி?

ஒரு சிட்டிகை மண்ணை மெதுவாகச் சூடேற்றிக்கொண்டே, வெளிவரும் பாதரச ஆவியைத் தொடர்ந்து அளப்பது. உலோகம் முதலில், பெரும்பாலும் 150 டிகிரிக்குள் கிளம்பிவிடும். குளோரைடும் மக்குப் பொருளோடு சேர்ந்ததும் 200-லிருந்து 300-க்குள். சல்ஃபைடு 300-ஐ ஒட்டியும் தாண்டியும். கறுப்பு முந்தும், சிவப்பு பிந்தும். சூடேற்றும் வேகத்தையும் மண்ணையும் பொறுத்து இந்த எண்கள் நகரும். அதனால் தெரிந்த சேர்மத்தை அதே மாதிரி சுத்தமான மண்ணில் கலந்து, பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் வரும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது இதன் பலவீனம்.

என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். வேகமானது, அமிலச் செலவு இல்லை. உலோகம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு ஐந்து படியைவிட நேரான பதில் தரும், வீடு கட்டப் போகிறவருக்கு அதுதான் முதல் கேள்வி.

எங்க புரொஃபசர் சிங்க்ரோட்ரான் இல்லாம பேப்பர் எடுக்க மாட்டாங்கன்னு சொல்றார். உண்மையா அக்கா?

தம்பி, சிங்க்ரோட்ரான் என்ற மிகப் பெரிய எக்ஸ்-கதிர் எந்திரத்தில் செய்யும் எக்ஸ்-கதிர் உறிஞ்சல் முறை உண்மையிலேயே வேறு தரம்தான். கரைசலை வைத்து ஊகிக்காமல், பாதரச அணுவுக்குப் பக்கத்தில் இருப்பது கந்தகமா, குளோரினா, ஆக்சிஜனா என்று நேராகப் பார்க்கிறது. ஆனால் விரிவான நிறமாலைக்குப் பொதுவாக 100 மில்லிகிராம் அளவாவது பாதரசம் வேண்டும். நம் நாட்டில் சிங்க்ரோட்ரான் கிடையாது. பக்கத்தில் சிங்கப்பூரிலும் தாய்லாந்தின் நகோன் ராட்சசிமாவிலும் இருக்கிறது. மொத்தத்தில் சில விழுக்காடே உள்ள வடிவம் அதன் கண்ணில் படாது, ஆகவே மெத்தில் மெர்குரியை அதில் தேடாதே. திரவ உலோகமும் அறை வெப்பத்தில் சரியாகத் தெரியாது. மாதிரியைக் குளிர்வித்து உறைய வைத்து அளக்க வேண்டும். இது தெரியாமல் "உலோகம் இல்லை" என்று எழுதிவிடாதே.

மெத்தில் மெர்குரி தனியா பார்க்கணுமா? அஞ்சு படியில வராதா?

வராது, அதற்குத் தனிச் சோதனை. வடித்தோ கரைத்தோ பிரித்து, எத்தில் சேர்த்து, வாயு நிறப்பகுப்பில் ஓட்டி, ஒளிர்வாலோ, ஐசிபி-எம்எஸ் என்ற அணு நிறை அளக்கும் கருவியாலோ அளக்க வேண்டும். மண்ணில் இது பெரும்பாலும் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. மேட்டு நிலம், நல்ல வடிகால் என்றால் பொதுவாக இதற்குச் செலவழிக்க வேண்டாம். நீர் நிற்கும் இடம், அலையாத்திக் காடு, கெராங் சிப்பி வளர்க்கும் சேற்றுக்கரை, வயல் என்றால் பாருங்கள். காற்றில்லாச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள்தான் இதை உண்டாக்குகின்றன. அதற்கான இரண்டு மரபணுக்கள் 2013-இல் கண்டறியப்பட்டன. சீனாவின் வான்ஷான் சுரங்க வட்டாரத்தில் அரிசியிலேயே மெத்தில் மெர்குரி ஏறியிருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. சாதாரணப் பாதரசம் மிக அதிகமாக உள்ள மண்ணை வடிக்கும்போது, அதில் துளியளவு சோதனைக்குள்ளேயே மெத்தில் மெர்குரியாக மாறலாம். மொத்தம் 100 உள்ள மண்ணில் 0.02 விழுக்காடு மாறினாலே 0.02 மில்லிகிராம் பொய்யாகத் தோன்றும். உண்மையான அளவே அந்த அளவுக்குத்தான் இருக்கலாம். ஐசோடோப்பு அடையாளமிட்ட பாதரசத்தைச் சேர்த்துச் சரிபார்த்தார்களா என்று கேளுங்கள்.

டிசிஎல்பி பாஸ் ஆயிடுச்சு. அப்புறம் எதுக்கு வடிவச் சோதனை?

டிசிஎல்பி என்பது கழிவை நிலநிரப்பில் போட்டால் எவ்வளவு கசியும் என்று பார்க்க உருவான அமெரிக்கச் சோதனை. அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பாஸ். சல்ஃபைடு பாஸ் ஆகும், ஏனென்றால் கரையாது. உலோக உருண்டையும் பாஸ் ஆகலாம், அதுவும் அந்தக் கரைசலில் லேசாகத்தான் கரையும். ஆனால் உருண்டையிலிருந்து ஆவி கிளம்பும், அதன் மேல் வீடு கட்டினால் அறைக்குள் ஏறும். இந்த இரண்டையும் டிசிஎல்பி பிரித்துக் காட்டாது.

சாதிலிங்கம்தான், கரையாது, பயமில்லைன்னு டெவலப்பர் சொல்றாரே?

பாதி சரி. சல்ஃபைடு வயிற்றில் மிகக் குறைவாகவே கரையும். மேலே சொன்ன ஓக் ரிட்ஜ் ஓடைக்கரையில் இதை வைத்துத்தான் 400 வரை மண்ணை விட்டுவைக்கலாம் என்று 1995-இல் முடிவெடுத்தார்கள். ஆனால் அந்த ஓடையின் மீன்களில் பாதரசம் இன்னும் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. மண்ணைத் தின்னும் குழந்தைக்குப் பாதுகாப்பான எண், மீனுக்குப் பாதுகாப்பான எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சாதிலிங்கம் என்று எந்தச் சோதனை சொன்னது, ஐந்தாவது படி மட்டுமா, சுட்டும் பார்த்தார்களா? மொத்தத்தில் எத்தனை விழுக்காடு அது? 90 விழுக்காடு சல்ஃபைடாக இருந்தாலும், மொத்தம் 300 என்றால் மீதி 30 வேறு வடிவம். அப்புறம், அந்த நிலத்தில் தண்ணீர் தேங்கப் போகிறதா? மக்குப் பொருள் கரைந்த நீர் சல்ஃபைடையும் மெல்லக் கரைக்கும். அழகுக்காக வெட்டும் குளம் கூட மண்ணின் வேதியியலை மாற்றிவிடும்.

சித்த மருந்துலயே சாதிலிங்கம் போடுறாங்களே, அப்போ சாப்பிடலாம்தானே?

மண்ணுக்குச் சொன்ன விடையை மருந்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மேலே சொன்ன "பாதி சரி" தற்செயலாக விரலில் ஒட்டி வாய்க்குள் போகும் மண்ணுக்கு. தினமும் வேளைக்கு வேளை விழுங்குவதற்கு அல்ல. மலேசியாவில் பதிவு பெறும் பாரம்பரிய மருந்துகளில் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அங்கே வடிவம் பார்ப்பதில்லை, மொத்தம்தான்.

எல்லாத்துக்கும் காசு இல்ல. குறைஞ்ச செலவுல எதைச் செய்யலாம்?

முதலில் காசில்லாத வேலை: நிலத்தில் முன்பு என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், ஊராட்சி மன்றக் கோப்பில் பாருங்கள். அடுத்து, ஒரு இடத்தில் ஆடம்பரச் சோதனை செய்வதைவிடப் பல இடத்தில் மொத்தப் பாதரசம் பாருங்கள். கையடக்க ஆவி அளவி வைத்திருப்பவர் கிடைத்தால், மண்ணில் சிறு துளை போட்டு, மூடி வைத்து, பிறகு அந்தக் காற்றை அளக்கச் சொல்லுங்கள். உலோகம் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகும் சந்தேகம் உள்ள இரண்டு மூன்று மாதிரிகளுக்கு மட்டும் சுட்டுப் பார்க்கும் சோதனை.

சோதனைக்கூடத்திடம் சாம் அங்கீகாரம் (சோதனைக்கூடங்களுக்கான மலேசிய அங்கீகாரத் திட்டம்) இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்; அங்கீகாரப் பட்டியலில் "மண்ணில் பாதரசம்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி மண் வேலை எடுப்பவர்கள் உண்டு. மீதி மாதிரியை உறைய வைத்துப் பத்திரப்படுத்தச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் அறிக்கையைப் பார்த்த பிறகு வேறு கேள்வி வந்தால், மறுபடி மண் வெட்டப் போக வேண்டியிருக்காது.